தகட்டுக்கு வந்த யோகம்

இங்கிலாந்து தேசத்தில் உள்ள சில நகரசபைகள், தங்கள் ஊரில் இத்தனை டாக்சிகள்தான் ஓடலாம், அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கு நிரம்பிவிட்டால் பிறகு எவ்வளவு யோக்கியன் வந்து விண்ணப்பம் போட்டாலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவது நெடுநாளைய வழக்கமாய் இருந்து வருகின்றது. இந்த வழக்கம் சரியா தப்பா என்று அந்நாட்டில் நாற்பது வருஷமாக விவாதம் நடக்கின்றது. எங்கேயோ நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் பொதுஜனங்களின் பேரால் ஒரு ஸ்தல ஸ்தாபனம் போடுகிற கையெழுத்து எப்படிச் சிலருடைய சொந்த ஆஸ்தியாக மாறிவிடுகிறது என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்டக்கூடிய திருஷ்டாந்தம் கிடைப்பது அருமையாகும். ஆதலால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் வாடகைக் கார் இரண்டு தினுசு. ஒன்று, தெருவில் போகும்போது கை காட்டினால் நிற்பதும், ஸ்டாண்டில் வரிசையாய் நின்று சவாரி ஏற்றுவதுமான டாக்சி. சட்டப் புஸ்தகத்தில் இதற்கு இன்னமும் 'ஹாக்னி வண்டி' என்று குதிரைக் காலத்துப் பெயர்தான். மற்றொன்று, முன்கூட்டியே சொல்லி வரவழைத்துக்கொள்ளுகிற கார். இது ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. தெருவில் கை காட்டுகிறவனை ஏற்றக்கூடாது. இரண்டுக்கும் நகரசபையேதான் லைசென்சு கொடுக்கிறது. ஆனால் கணக்கு வைத்துத் தடுக்கும் அதிகாரம் முதல் தினுசுக்கு மாத்திரம்தான் உண்டு. இரண்டாவது தினுசுக்கு, லண்டனுக்கு வெளியே 1976ம் வருஷத்துச் சட்டப்படி, வண்டியும் ஆளும் யோக்கியதையாய் இருந்தால் கொடுத்தே தீரவேண்டும். எண்ணிக்கைப் பேச்சு எடுக்க வழியில்லை. வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வேண்டியிருக்கும்.

ஆதியில் இந்தக் கணக்கு எப்படி வந்தது? 1635ம் வருஷம் சார்லஸ் என்கிற அரசன் லண்டனில் ஒரு விளம்பரம் போட்டான். வாடகைக் கோச்சு வண்டிகள் பெருத்துப் போனதால் அரசனுக்கும் ராணிக்கும் பிரபுக்களுக்கும் தெருவில் போக இடைஞ்சலாய் இருக்கிறதென்றும், ஆகையால் அவைகளை அடக்கவேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. தெருவை அடைத்தவை பிரபுக்களின் சொந்த வண்டிகள் அல்லவாம். கூலிக்கு ஓட்டிப் பிழைத்தவனுடைய வண்டிதானாம்! பிறகு அந்த அரசனுடைய தலையே போய் ராஜா இல்லாத ஆட்சி வந்தது. ராஜா போனாலும் கணக்கு போகவில்லை. 1654ல் இருநூறு பேர்தான் வாடகை வண்டி வைத்திருக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். மறுபடியும் ராஜா வந்தபின் 1662ல் வண்டி நானூறு என்றார்கள். 1694ல் எழுநூறு என்றார்கள். இந்த இருநூறும் நானூறும் எழுநூறும் எந்த சாஸ்திரப்படி வந்தன என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. கடைசியாக 1830களில் லண்டனில் இந்தக் கணக்கை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷமாக லண்டனில் டாக்சிக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடே கிடையாது. அதனால் லண்டன் முழுகிப்போய்விடவுமில்லை.

ஆனால் வெளியூர்களில் அப்படியல்ல. 1847ல் பார்லிமெண்டு செய்த ஒரு சட்டம், எத்தனை வாடகை வண்டி தக்கதென்று ஊர் அதிகாரிகளுக்குத் தோன்றுகிறதோ அத்தனைக்கு லைசென்சு கொடுக்கலாம் என்று விட்டுவிட்டது. 'தோன்றுகிறதோ' என்ற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நகரசபைகள் நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளின. 1985ல்தான் புதுச் சட்டம் வந்தது. தங்கள் ஊரில் ஜனங்களுக்குக் கணிசமான அளவு டாக்சித் தட்டு ஒன்றும் இல்லை என்று நகரசபைக்குத் திருப்தி ஏற்பட்டால் மாத்திரமே எண்ணிக்கையைக் காட்டி மறுக்கலாம். அந்தத் திருப்தி இல்லாவிட்டால் மறுக்கக்கூடாது என்று அது சொல்லிற்று. இந்தச் சட்டம் வந்தபிறகு அநேக நகரசபைகள், இந்தத் தொல்லை எதற்கு என்று கணக்கையே விட்டுவிட்டன. மற்ற சபைகள் விடவில்லை. 2003ல் வியாபாரப் போட்டியைக் கவனிக்கும் அந்நாட்டு சர்க்கார் இலாகா ஒன்று விசாரித்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைந்த ஸ்தல ஸ்தாபனங்கள் இன்னமும் கணக்கு வைத்திருப்பதாகக் கண்டு, இதை எடுத்துவிடவேண்டும் என்று சிபார்சு செய்தது. சர்க்கார் அதைச் சட்டமாக்காமல், ஒவ்வொரு சபையும் தன் கணக்கைத் தானே யோசித்துப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நாட்டாண்மைக்காரரையே கூப்பிட்டு நாட்டாண்மை வேண்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இனி, ஊரில் டாக்சித் தட்டு இல்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? இதுதான் வேடிக்கை. இதற்கென்று தொழில் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. நகரசபை அவர்களைக் கூலிக்கு அமர்த்தும். அவர்கள் ஸ்டாண்டில் நின்று, எத்தனை வண்டி காத்திருக்கிறது, எத்தனை ஆள் காத்திருக்கிறான், எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்று எழுதிக்கொண்டு போய், பெருக்கிக் கழித்து, தட்டு இல்லை என்று புஸ்தகம் போட்டுக் கொடுப்பார்கள். நாம் கேட்கிறோம்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிற ஒரு தாயார், ஸ்டாண்டில் வண்டி கிடைக்காது என்று பத்து தடவை பட்டுத் தெரிந்துகொண்டு, பதினோராவது தடவை ஸ்டாண்டுக்கே வராமல் நடந்தே வீட்டுக்குப் போனால், அந்த அம்மாள் இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறாள்? சக்கர நாற்காலியில் இருப்பவர், தம்மை ஏற்றக்கூடிய வண்டி இல்லை என்று வீட்டைவிட்டே கிளம்பாமல் இருந்தால் அவர் எந்தப் பத்தியில் வருகிறார்? கடையில் அரிசி இல்லை என்று தெரிந்து ஜனங்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டால், கடை வாசலில் கூட்டமில்லை, ஆகவே ஊரில் பசி இல்லை என்று எழுதுகிறவனை நாம் என்ன சொல்லுவோம்?

இஃதிப்படியிருக்க, கணக்கு வைத்த ஊர்களில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு ஊரில் நூறு டாக்சிக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்ளுவோம். வண்டியின் பின்னால் நகரசபை ஒரு நம்பர்த் தகடு அடித்துக் கொடுக்கிறது. அதற்குச் சபைக்குக் கட்டவேண்டிய பீஸ் சில நூறு பவுன்தான். நூற்றொன்றாவது ஆள் வருகிறான். வண்டி வாங்கப் பணம் இருக்கிறது, ஓட்டத் தெரியும், போலீசில் அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. சபை இடமில்லை என்கிறது. அவன் என்ன செய்வான்? நூறு பேரில் ஒருவனிடம் போய், உன் தகட்டை எனக்குக் கொடு என்று கேட்கிறான். தகட்டை விற்கச் சட்டத்தில் இடமுண்டா என்றால், தகட்டை விற்பதாகச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் லைசென்சு வண்டியோடு போகும். வண்டியை மற்றவனுக்கு மாற்றினால் பதினான்கு நாளைக்குள் சபைக்கு எழுதித் தெரிவித்தால் போதும் என்று 1976ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே, உடைத்துப் போட்டால் இரும்பு விலைகூடப் பெறாத ஓர் ஓட்டைக் கார், பின்னால் தகடு இருக்கிற ஒரே காரணத்தால் பல்லாயிரம் பவுனுக்கு விலை போகிறது. வாங்குகிறவன் காரைப் பார்ப்பதே இல்லை. தகட்டைத்தான் பார்க்கிறான். அடுத்த மாதம் புதுக் கார் வாங்கி அதில் தகட்டை மாட்டிக்கொள்கிறான்.

இந்தப் பல்லாயிரம் பவுனை உண்டுபண்ணியது யார்? தகடு வைத்திருந்தவன் உழைத்து உண்டுபண்ணினானா? ரோட்டை அவன் போட்டானா? சவாரிக்கு வருகிற ஜனங்களை அவன் பெற்றானா? ஒன்றும் இல்லை. நூற்றொன்றாவது ஆளை உள்ளே விடாதே என்று நகரசபை போட்ட ஒரு தீர்மானம்தான் அந்தப் பணத்தைப் பிறப்பித்தது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட நகரசபைக்கு வராது, ஜனங்களுக்கும் வராது. நம்மூர் ஆற்றில் பரிசல் துறையைப் பஞ்சாயத்து ஏலம் விட்டாலாவது ஏலப் பணம் ஊர்ப் பொதுவுக்கு வந்து சேரும். இங்கே ஊரார் துறையை இனாமாகக் கொடுத்துவிட்டு, கொடுத்தவனே அக்கரைக்குப் போகக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

தகட்டை வாங்கப் பணமில்லாதவன் குடிக்கூலிக்கு எடுக்கிறான். தகட்டுக்காரன் வீட்டில் படுத்திருப்பான். ஓட்டுகிறவன் வாரா வாரம் கூலி கட்டவேண்டும். இதில் கவனிக்கவேண்டிய சூக்ஷ்மம் ஒன்றிருக்கிறது. டாக்சிக்கு மைலுக்கு இவ்வளவு என்று சத்தம் நிர்ணயிப்பதும் அதே நகரசபைதான். ஆகவே தகட்டுக் கூலியை ஓட்டுகிறவன் தன் இஷ்டத்துக்குச் சவாரியின் தலையில் ஏற்ற முடியாது. அவன் தன்னுடைய உடம்பிலிருந்துதான் கொடுக்கவேண்டும். எட்டு மணி நேரம் ஓட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று இருப்பவன், தகட்டுக்காரனுக்காக இன்னும் நாலு மணி நேரம் ஓட்டுகிறான். அந்த நாலு மணி நேரம் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற வண்டியில் ஏறியிருப்பவர்கள் யார் என்றால், பத்திரமான பிரயாணம் வேண்டும் என்பதற்காகவே கணக்கு வைத்திருக்கிறோம் என்று நகரசபை சொல்லுகிறதே, அந்த ஜனங்கள்தான்.

இங்கிலாந்தின் வடபாகத்தில் பிராட்போர்டு, ஓல்டாம் முதலிய ஊர்களில் துணி மில்லுகளில் வேலை செய்வதற்கென்று பாகிஸ்தானிலிருந்தும், முக்கியமாய்க் காஷ்மீரத்து மீர்பூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள் அநேகர். மில்லுகள் ஒவ்வொன்றாய் மூடியபோது வேறு வேலை அகப்படாமல் அவர்களில் வெகு பேர் டாக்சி ஓட்டப் போனார்கள். கடைசியில் வந்து, கையில் முதலும் இல்லாமல், உறவுக்காரர்களும் தகடு வைத்திராமல் இருக்கிறவனுக்கு இப்படிப்பட்ட தொழில்தான் வாசற்படி. எந்த ஊரில் கணக்கு வைத்து அந்த வாசலை மூடினார்களோ, அந்த ஊரில் முந்தி வந்தவன் எஜமானனாகவும் பிந்தி வந்தவன் அவனுக்குக் கூலிகட்டுகிறவனாகவும் ஆகிறார்கள். இருவரும் ஒரே தொழிற்காரர்தான், ஒரே ஸ்டாண்டுதான், ஒரே மழைதான். நடுவில் ஒரு தகரம்!

அமெரிக்காவில் நியூயார்க்கு நகரம் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் குரு. 1937ல், பெரும் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், டாக்சிகள் பெருகிச் சண்டையும் பட்டினியுமாய் இருக்கிறதென்று, அன்று இருந்த பதின்மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு நிறுத்தினார்கள். அப்போது தகட்டுக்கு விலை பத்து டாலர். யுத்தத்துக்குப் பிறகு கணக்கு 11,787 என்று நின்றது. 1996 வரையில் அதற்கு ஒன்று கூடவில்லை. ஐம்பது வருஷத்துக்குள் அந்நகரத்தில் என்னென்னவோ மாறிற்று. இந்த நம்பர் மாத்திரம் வேத வாக்கியம்போல் அசையாமல் இருந்தது. ஓட்டுகிறவர்களின் நன்மைக்காக வந்ததென்று சொன்ன சட்டத்தின்கீழ், 1979ல் தகட்டுக்காரர்கள் வண்டியை ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று குடிக்கூலிக்கு விடலாம் என்று அனுமதி வந்தது. அன்றுமுதல், முன்பு சம்பளமோ பங்கோ வாங்கிய ஓட்டுகிறவன், காலையில் வண்டியில் ஏறும்போதே கடனாளியாய் ஏறி, பாதிநாள் தகட்டுக்காகவும் பெட்ரோலுக்காகவும் ஓட்டி, மீதி நாளைத் தனக்காக ஓட்டினான்.

பத்து டாலர் தகடு 2014க்குள் பத்து லட்சம் டாலரைத் தாண்டிற்று. இந்தக் கொள்ளையில் நகரசபையும் பங்காளிதான். 2004 முதல் பத்து வருஷத்துக்குள் புதுத் தகடுகளை ஏலம் விட்டும், தகடு விற்பனைகளுக்கு வரி வாங்கியும் எண்பது கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. அதை வாங்கியவர்களில் பெரும்பாலார் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஓட்டுகிறவர்கள். வங்காள தேசத்தார், இந்தியர், பாகிஸ்தானியர் இவர்களில் மிகுதி. வாழ்நாள் முழுவதும் கூலி கட்டியது போதும், சொந்தத் தகடு இருந்தால் பிள்ளைகளுக்காவது மிஞ்சும் என்று தலைக்குமேல் கடன்பட்டு வாங்கினார்கள். பிறகு கைபேசியில் அழைத்தால் வருகிற ஊபர் முதலிய கார்கள் வந்தன. அவைகளுக்குத் தகடு தேவையில்லை. 2018க்குள் அவை அந்நகரில் ஒரு லட்சத்தை எட்டின. பத்து லட்சம் டாலர் தகடு இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. தகடு விழுந்ததே ஒழியக் கடன் விழவில்லை. அந்த 2018ம் வருஷத்தில் மாத்திரம் டாக்சி ஓட்டுகிற பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021ல் ஓட்டுகிறவர்கள் நகரமண்டபத்தின் வாசலில் பதினைந்து நாள் பட்டினி கிடந்த பிறகுதான், கடனை ஒரு லட்சத்து எழுபதாயிரம் டாலராகக் குறைத்து அதற்கு நகரமே ஜாமீன் நிற்பதென்று ராஜியாயிற்று. தொழிலாளிக்குக் காவல் என்று போட்ட வேலி அவன் கழுத்துக்கே சுருக்காய் முடிந்த கதை இது.

எதிர்க்கட்சிக்காரர்கள் இதற்குச் சொல்லும் சமாதானங்களையும் பார்ப்போம். கணக்கு இல்லாவிட்டால் ரோட்டில் நெரிசல் உண்டாகும் என்கிறார்கள். அப்படியானால் நாம் முன்னே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டாவது தினுசுக் கார்களை ஏன் எண்ணவில்லை? பணக்காரன் ஒருவனாக உட்கார்ந்து போகும் சொந்தக் காரை ஏன் எண்ணவில்லை? நூறு டாக்சிக்குமேல் ஒரு டாக்சி வந்தால் நெரிகிற ரோடு, ஆயிரம் மற்றக் கார்கள் வந்தால் நெரியாதா? சார்லஸ் அரசனுடைய விளம்பரத்துக்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. எண்ணிக்கை வைத்தால் தரம் உயரும் என்பது இன்னொரு சமாதானம். தரத்தைச் சோதிக்கத் தரத்தைத்தான் சோதிக்கவேண்டும். லண்டனில் டாக்சி ஓட்டவேண்டுமானால் சேரிங் கிராஸ் என்ற இடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள இருபத்தையாயிரம் தெருக்களையும் மனப்பாடமாய் அறிந்து பரீட்சை கொடுக்கவேண்டும். சிலருக்கு மூன்று நாலு வருஷம் ஆகிறது. தேறினவன் எத்தனை பேரானாலும் ஓட்டலாம். கணக்கு வைத்த ஊரில், முந்தி வந்தவன் அரைகுறையானாலும் உள்ளே. பிந்தி வந்தவன் கெட்டிக்காரனானாலும் வெளியே.

ஆனால் மூன்றாவதாக ஒரு சமாதானம் உண்டு. அதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. கதவைத் திறந்துவிட்டால், இருக்கிற சவாரியை அதிகம் பேர் பங்குபோட்டு, ஏற்கெனவே ஓட்டுகிறவன் பட்டினி கிடப்பான் என்பதாகும். இதில் உண்மை இருக்கிறது. அயர்லாந்து தேசத்தின் அனுபவத்தை வைத்தே சொல்லுகிறோம்.

அங்கே 1978 முதல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு டாக்சி எண்ணிக்கையை வரம்பு கட்டும் அதிகாரம் இருந்தது. டப்ளின் நகரத்தில் தகட்டு விலை 1980ல் சில ஆயிரம் பவுனாய் இருந்தது 2000ல் எண்பது தொண்ணூறாயிரம் ஐரிஷ் பவுன் ஆகிவிட்டது. ராத்திரியில் டாக்சிக்கு மணிக்கணக்காய் ஜனங்கள் நிற்க ஆரம்பித்தவுடன், சரி, கொஞ்சம் கூட்டலாம் என்று சர்க்கார் தீர்மானித்தது. எப்படிக் கூட்டினார்கள்? ஏற்கெனவே தகடு வைத்திருப்பவன் ஒவ்வொருவனுக்கும் இன்னொரு தகடு! விருந்துக்கு இலை போதவில்லை என்றால், உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கே இரண்டாவது இலை போடுகிற பந்தி விசாரணையை நாம் எங்கும் கண்டதில்லை. மற்றக் கார் ஓட்டுகிறவர்கள் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். 2000ம் வருஷம் அக்டோபரில் கோர்ட்டு, யோக்கியதையுள்ள பிரஜை தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்யவும், ஜனங்கள் அந்தச் சேவையை அடையவும் உள்ள உரிமையை இப்படி எண்ணிக்கை கட்டித் தடுப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. மறுமாதமே கதவு திறந்தது. இரண்டு வருஷத்தில் டாக்சிகள் ஏறக்குறைய மூன்று மடங்காயின. ஜனங்கள் நிற்பது குறைந்தது.

அதே சமயம், தகடு வாங்குவதற்காக வீட்டை அடமானம் வைத்தவர்களும், புருஷன் வைத்துவிட்டுப் போன தகட்டின் குடிக்கூலியில் காலந்தள்ளிய விதவைகளும் ஒரே நாளில் திண்டாடிப் போனார்கள். சர்க்கார் பின்னால் ஒரு கமிட்டி போட்டு, மிகவும் கஷ்டப்பட்டவர்களுக்கு மூவாயிரம் முதல் பதினையாயிரம் யூரோ வரையில் கொடுத்தது. அவர்கள் போட்ட முதலுக்கு இது எந்த மூலைக்கு? ஓட்டுகிறவர்களும், முன்னைவிட நேரம் அதிகம் ஓட்டவேண்டியிருக்கிறது என்று குறை சொன்னார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு, கதவைத் திறந்தார்கள் எல்லாம் சுபமாயிற்று என்று எழுதுவது யோக்கியமான காரியமல்ல.

ஆனால் அந்த விதவையைத் தெருவில் நிறுத்தியது கதவைத் திறந்ததா, அல்லது இருபது வருஷம் கதவை மூடி, மூடிய கதவுக்கு விலையும் ஏறவிட்டு, அந்த விலையைக் கொடுத்து வாங்கும்படி ஏழைகளை விட்டதா என்பதுதான் கேள்வி. முதலில் தகடு பெற்றவன் சில ஆயிரம் பவுனுக்குப் பெற்று, தொண்ணூறாயிரத்துக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடைசியில் வாங்கியவன் தலையில்தான் வீடு இடிந்தது. நியூயார்க்கிலும் அதே கதைதான். தகடு விற்கும் பொருளாய் இருக்கும்வரை, இன்று இல்லாவிட்டால் நாளை, கோர்ட்டாலோ, புது யந்திரத்தாலோ, யாரோ ஒருவர் அதைக் கவிழ்க்கத்தான் போகிறார்கள். கவிழும்போது அடியில் இருப்பவன் ஓட்டுகிறவனாகத்தான் இருப்பான்.

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் இதுதான். ஒரு ஊரில் இத்தனை டாக்சி போதும் என்று சபை நினைக்க நியாயமான காரணமும் சில சமயம் இருக்கலாம். சிறு ஊரில் ஸ்டாண்டுக்கு இடமில்லாதிருக்கலாம். ஓட்டுகிறவன் வயிறு நிரம்பும் அளவுக்குச் சவாரி இல்லாதிருக்கலாம். அதை நாம் ஒரேயடியாய் மறுக்கவில்லை. ஆனால் உண்மையிலேயே ஓட்டுகிறவனுக்காகத்தான் அந்தக் கணக்கு என்றால், லைசென்சை ஓட்டுகிறவன் பேரில் கொடுக்கட்டும். அவன் ஓட்டுகிறவரையில் அவனுடையது. ஓட்டுவதை நிறுத்தினால் தகடு சபைக்குத் திரும்பி வரட்டும். அடுத்து வரிசையில் நிற்பவனுக்குப் போகட்டும். விற்கக்கூடாது, குடிக்கூலிக்கு விடக்கூடாது, பிள்ளைக்கு எழுதிவைக்கக்கூடாது என்று ஒரே ஒரு விதி போடட்டும். அந்த விதி வந்த மறுநாள், கணக்கு வேண்டும் வேண்டும் என்று நகரமண்டபத்தில் கூச்சல் போடுகிறவர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். தொழிலாளிக்காக அழுகிறவன் யார், தகட்டுக்காக அழுகிறவன் யார் என்று அப்போது தெரிந்துபோகும்.

இது ஏதோ நாம் காகிதத்தில் எழுதுகிற யோசனையல்ல. இங்கிலாந்தின் சட்டக் கமிஷன் 2012ல் கணக்கையே எடுத்துவிடலாம் என்று யோசனை வெளியிட்டது. எதிர்ப்பு வந்தபின் 2014ல், கணக்கு இருக்கட்டும், ஆனால் அடிக்கடி மறுபரிசீலனை செய்யவேண்டும், புதிதாய்க் கணக்குப் போடுகிற ஊர்களில் தகட்டை விற்க இடம் கொடுக்கக்கூடாது என்று சிபார்சு செய்தது. பார்லிமெண்டு அதைச் சட்டமாக்கவில்லை. மாறாக ஸ்காட்லாந்தில், 2015ம் வருஷச் சட்டம் ஒன்று, இதுவரை எண்ணப்படாதிருந்த இரண்டாவது தினுசுக் கார்களையும் மிதமிஞ்சிவிட்டன என்று காட்டித் தடுக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. நியூயார்க்கும் 2018ல் ஊபர் கார்களுக்குப் புது லைசென்சை நிறுத்தி வைத்தது. நம் நாட்டிலோ, 1997ல் உச்ச நீதிமன்றம் புகையைக் குறைப்பதற்காகத் தில்லியில் ஆட்டோ ரிக்ஷாக்களின் எண்ணிக்கையை இருந்தபடியே நிறுத்தி, 2011ல்தான் ஒரு லட்சம் வரை போகலாம் என்று விட்டது. அதற்குள் அங்கே பெர்மிட்டோடு கூடிய ஆட்டோவின் விலை வெறும் ஆட்டோவின் விலையைப்போல் பல மடங்காகி, லேவாதேவிக்காரர்கள் கையில் பெர்மிட்டும், ஓட்டுகிறவன் கையில் தினக்கூலி நோட்டுமாக முடிந்தது. புகை குறைந்ததற்குக் காரணம் வேறு. கேஸில் ஓடும் வண்டிகள் வந்தன.

அயர்லாந்துக்காரர் மாத்திரம் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். 2010 முதல் அவர்களும் புது டாக்சி லைசென்சைச் சக்கர நாற்காலி ஏறக்கூடிய வண்டிகளுக்கு மாத்திரமே கொடுக்கிறார்கள். அதாவது அங்கும் ஒரு விதமான வரம்பு திரும்ப வந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கைக்காக இல்லாமல், இதுவரை வீட்டிலேயே கிடந்தவர்களை வெளியே கொண்டுவருவதற்காக அந்த வரம்பு. அன்றியும், 2013ல் செய்த சட்டத்தில், டாக்சி லைசென்சை ஒருவன் மற்றவனுக்கு விற்கவோ மாற்றவோ முடியாது என்று எழுதிவிட்டார்கள். லைசென்சுக்காரன் இறந்துபோனால் அவன் முன்பே குறிப்பிட்ட ஒருவர் தொடரலாம் என்று ஒரு சலுகை மாத்திரம் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறாயிரம் பவுன் பெற்ற தகடு அங்கே இப்போது வண்டியின் நம்பரைக் காட்டுகிற தகடாக மாத்திரம் இருக்கிறது.